நூற்றில் மூன்று பேர்

மனநலச் செயலி ஒன்றை நூறு பேர் கைப்பேசியில் இறக்கிக்கொள்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அதைத் திறப்பவர்கள் மூன்று சொச்சம் பேர். இஸ்ரேலின் அமித் பாமெல் குழு 93 செயலிகளின் பயன்பாட்டை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கணக்கு இது. 15-ஆம் நாளிலேயே எண்ணிக்கை 3.9 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 30-ஆம் நாளில் 3.3. போகிறவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே போய்விடுகிறார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நிலைத்து நிற்கத் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் எதிலும் மனம் ஒட்டாமல் போவதுதானே மனச்சோர்வின் அடையாளம்? அப்படிப்பட்டவரிடம் தினமும் மனநிலையைக் குறித்து வை, ஏழாம் பாடம் வரை முடி என்பது, கால் முறிந்தவருக்கு வைத்தியர் மூன்றாம் மாடியில் இருக்கிறார், லிஃப்ட் கிடையாது என்பது போலத்தான்.

நிறுவனங்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து நட்சத்திரம், பதக்கம், ஓயாத நினைவூட்டல். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் மோர் 2011-இல் முன்வைத்த விளக்கம் வேறு: நம் நலம் நாடும் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார், கேட்பார் என்ற எண்ணம்தான் ஒருவரைத் திரும்ப வரவைக்கிறது.

மெல்போர்னின் ஒரிஜென் ஆய்வு மையம் நடத்திய 'ஹொரைசன்ஸ்' சோதனை இதற்கு ஓரளவு சாட்சி. முதன்முறை சைக்கோசிஸ் எனும் மனப்பிறழ்வு தாக்கித் தேறிவந்த இளைஞர்களுக்கான இணையதளம் அது. சிகிச்சைப் பயிற்சிகளோடு, சக இளைஞர்களும் வழிநடத்தும் நிபுணர்களும் அங்கே இருந்தார்கள். 18 மாதச் சோதனையில், பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதமாவது வந்துபோனார்கள். முதன்மை இலக்கான சமூகச் செயல்பாட்டில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னேற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலையிலோ படிப்பிலோ சேர்வதில் மட்டும் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் நன்றாகவே முந்தினார்கள்.

அமெரிக்காவின் ஜெசிகா ஷ்லைடர் கேள்வியையே புரட்டிப் போட்டார். மறுபடி வரமாட்டார்கள் என்றால், வந்த ஒரு தடவையிலேயே ஏதாவது கொடுத்தனுப்பினால் என்ன? சுமார் அரை மணி நேரத்தில் முடியும் இணையப் பயிற்சியை அவரது குழு அமைத்தது. சோர்ந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தைப் பிள்ளை தானே திட்டமிட வேண்டும். தன்னைப் போலத் தவிக்கும் இன்னொரு பிள்ளைக்கு ஆலோசனையும் எழுத வேண்டும். 13 முதல் 16 வயதுள்ள 2,452 பேரிடம் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் மனச்சோர்வு குறைந்திருந்தது. குறைவு சிறிதுதான். ஆனால் காத்திருப்புப் பட்டியலோ கட்டணமோ இல்லாமல் கிடைத்த பலன் அது.

திரும்ப வருவோரை எண்ணுவது விளம்பர வியாபாரத்தின் கணக்கு. வராதவர் குணமாகிப் போனாரா, வெறுத்துப் போனாரா என்று அது சொல்லாது. ஷ்லைடர் குழு மூன்று மாதம் கழித்துக் கேட்டதால்தான் தெரிந்தது.

அரை மணி நேரம் போதாதவர்களும் உண்டு. தற்கொலை எண்ணம் வருகிறவருக்குத் தேவை, மறுமுனையில் ஒரு மனிதக் குரல். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.