காற்றறிந்து பாய் விரி
(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

கோடையில் தரமணிவாசிகள் நண்பகலுக்குப் பின் கடற்காற்றை எதிர்நோக்கிக் காத்திருப்பார்கள். நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது. அதன்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. நம் வியர்வையை ஆற்றும் இக்காற்றைக் கொண்டே படகு செலுத்தச் சென்ற கோடை விடுமுறையில் சென்னைத் துறைமுகத்தில் பயின்றேன்.

இக்கலை நமக்குப் புதிதன்று. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய சோழர் மரபைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகிறார். நம் காலத்திலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பாய்மரப் படகோட்டத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் சென்னையின் நேத்ரா குமணனே.

எதிர்க்காற்றில் படகு எவ்வாறு முன்னேறும்? ஈரப் புளியங்கொட்டையை இரு விரல்களால் அழுத்தினால் அது வழுக்கி முன்னே பாய்கிறதன்றோ? அதுபோல், பாயின்மீது காற்று தரும் விசையும், நீருக்குள் இறக்கிய நடுப்பலகையின் எதிர்ப்பும் சேர்ந்து படகை முன்னே தள்ளுகின்றன. எனினும் காற்றுக்கு நேர் எதிரே செல்ல இயலாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்தே செல்லவேண்டும்.

புதியவர் முதலில் காற்றின் திசையை அறியவேண்டும். காற்று வரும் பக்கம் அமர்ந்து, பாயைப் படபடக்கும்வரை தளர்த்தி, படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் கயிற்றை இழுக்கவேண்டும். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும்.

மூன்றாம் நாள் கை வலித்ததால் பாய்க் கயிற்றைப் படகிலேயே முடிச்சிட்டுவிட்டேன். திடீரெனக் காற்று வலுத்தது. படகு சாய்ந்தது. "கயிற்றை விடு தம்பி!" என்று பயிற்சியாளர் கூவினார். முடிச்சை அவிழ்ப்பதற்குள் நான் நீருக்குள் இருந்தேன்! மிதவைச் சட்டை என்னைக் காத்தது. கரையை நோக்கி நீந்த முயன்றபோது, "படகை விட்டு விலகாதே!" என்றார் அவர். கவிழ்ந்த படகு மிதக்கும். தேடி வருவோர் கண்ணுக்கும் எளிதில் படும். நடுப்பலகைமேல் ஏறி நின்று என் எடையால் அதை நிமிர்த்தினேன். காற்று மிஞ்சும்போது இழுப்பதன்று, விடுவதே பாதுகாப்பு என்று அன்று உணர்ந்தேன். பாய்க் கயிற்றை ஒருபோதும் கட்டிவைக்கலாகாது; கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கரையேறியதும் வேலை முடிந்துவிடாது. படகையும் கயிறுகளையும் நன்னீரால் கழுவவேண்டும். உப்பு உலோகத்தை அரிக்கும். பாயை நிழலில் உலர்த்திச் சுருட்டவேண்டும். கடும் வெயில் துணியை நலிவிக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். உட்புகுந்த நீரை வடித்து, நைந்த கயிற்றை அன்றே மாற்றுவது நலம்.

இப்போதெல்லாம் மாலையில் கல்லூரி வாயிலில் காற்று முகத்தில் படும்போது, அது எத்திசையிலிருந்து வருகிறதென்று பார்க்கிறேன். நண்பர்களே, நீங்களும் பாருங்கள். படகோட்டத்தின் முதற்பாடம் அதுவே.