ஆடிக் காற்றுக்கு மேலே எதிர்க் காற்று!

ஆடி மாதத்தில் திருக்கனூர் பக்கம் போய் இருக்கிறீர்களா? மேற்கே இருந்து காற்று சுழற்றி அடிக்கும். கரும்புத் தோகை எல்லாம் கிழக்கே சாயும். காயப் போட்ட துணி கொடியில் நிற்காது.

அதே நேரத்தில், அதே ஊருக்கு நேர் மேலே, 15 கிலோ மீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? அங்கே காற்று கிழக்கே இருந்து மேற்கே ஓடுகிறது! அதன் வேகம் மணிக்கு 100 கிலோ மீட்டரையும் தாண்டும். இந்தக் காற்றைப் பற்றி 1958-ல் உலகுக்கு எழுதிக் காட்டியவர், நம் நாட்டு வானிலை நிபுணர் பி.கோடீஸ்வரம்.

அவ்வளவு உயரத்துக் காற்றை எப்படி அளப்பது? பலூன் விட்டுப் பார்ப்பது பழைய வழி. காரைக்காலில் வானிலைத் துறையினர் விடுகிறார்கள். ஆனால் மேலே போன பலூன் வெடித்துவிடும். அடுத்த பலூன் போகும் வரை சேதி கிடையாது.

ராடார் என்றால் விமானத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்றுதான் நினைப்போம். வெறும் காற்றைப் பார்க்கும் ராடாரும் இருக்கிறது! திருப்பதியில் இருந்து சித்தூர் போகும் வழியில், காதங்கி கிராமத்தில் 1990-களின் தொடக்கத்தில் அமைத்தார்கள். சுமார் 4 ஏக்கர் நிலத்தில் 1,024 ஏரியல்கள், நாற்று நட்டது போல வரிசையாக நிற்கின்றன. முன்பு வீட்டுக் கூரை மேல் டெலிவிஷனுக்கு வைத்தோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி ஏரியல்தான்.

அவை ரேடியோ அலையை வானத்துக்கு அனுப்புகின்றன. ஆற்றில் சுழி இருப்பது போலக் காற்றிலும் சிறு சிறு சுழிகள் உண்டு. அவற்றில் பட்டு, அலையில் மிக மிகச் சிறிய பங்கு திரும்பி வருகிறது. 15 கிலோ மீட்டர் போய்த் திரும்ப, ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்! நேரத்தை அளந்தால் உயரம் தெரிந்துவிடும்.

வேகம்? ஊதிக்கொண்டு வரும் ரெயிலைக் கவனியுங்கள். நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். தாண்டிப் போனதும் தணியும். அலையிலும் அதே மாற்றம்தான். நேர் மேலே மட்டும் அனுப்பினால், பக்கவாட்டில் ஓடும் காற்று பிடிபடாது. ஆகவே நாலு திசையிலும் கொஞ்சம் சாய்த்தும் அனுப்புகிறார்கள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். புயலுக்குக் கால் இல்லை. உயரே வீசும் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அது எப்படி வீசுகிறது என்று தெரிந்தால்தான் புயலின் வழியைச் சொல்ல முடியும்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. தள்ளும் காற்றுக்கு வலு இல்லை. புயல் பல மணி நேரம் நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டி மீட்டருக்கு மேல் மழை! மறுநாள் தெருக்களில் ராணுவத்தார் இறங்கி, மக்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள்.