திரை வந்த வகுப்பறை

நமது வீடுகளில் இன்று ஒரு விசித்திரமான வழக்கு நடந்து வருகிறது. பிள்ளையின் கையில் செல்போனைக் கண்டதும், "படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு?" என்று தாயார் கேட்கிறாள். "படிப்பதற்குத்தான் அம்மா!" என்கிறான் பிள்ளை. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது; வழக்கின் சிக்கலே அதுதான்.

2011-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் மேல்நிலை வகுப்பு மாணாக்கர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2018-ல் வெளிவந்த புதிய பாடப் புத்தகங்களில் க்யூ.ஆர். கட்டங்கள் அச்சாயின. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோதோ, வகுப்பறையே செல்போனுக்குள் புகுந்துகொண்டது. ஆகவே, இக்கருவி வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடும் காலம் கடந்துவிட்டது. அதை எப்படி உபயோகிப்பது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

அதன் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். மின்சாரப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2002-ல் தொடங்கிய ஒரு முயற்சியின் பயனாக, விஞ்ஞானச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் வசதி இலவசமாகக் கிடைக்கிறது. மின்கலத்தைக் கூட்டினால் விளக்கு பிரகாசிக்கிறது. கம்பியைக் கழற்றினால் அணைகிறது. எத்தனை முறை தவறு செய்தாலும் பொருள் சேதமுமில்லை, அபாயமுமில்லை. கரும்பலகையில் நாம் பாடுபட்டு வரைந்தும் விளங்காத விஷயம் சில நிமிஷங்களில் விளங்கிவிடுகிறது.

ஆனால் விளங்குவது வேறு; விளங்கியதுபோல் தோன்றுவது வேறு. திரையை அணைத்துவிட்டு, "அந்த மின்சுற்றை உன் நோட்டில் வரைந்து காட்டு" என்று கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். வரைய முடிந்தவன் பாடம் படித்தவன். முடியாதவன் வேடிக்கை பார்த்தவன். திரைக்குப் பின் நோட்டுப் புத்தகம் வந்தே தீரவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அடுத்த விஷயம் இன்னும் கடுமையானது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கும் கூட்டத்தார் ஊருக்குள் புகுந்திருப்பதாக வாட்ஸப்பில் ஒரு வதந்தி பரவியது. திருவண்ணாமலை ஜில்லாவில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து சென்ற ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த அன்பே அவருக்கு யமனாயிற்று. ஜனங்கள் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வதந்தியைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர், "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்று விரலால் ஒரு தட்டுத் தட்டிய சாமானியர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

வட இந்தியாவிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பிறகு, அவ்வருஷம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் கம்பெனியார் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தார்கள். அது கம்பெனி போட்ட வேலி. பிள்ளையின் மனத்தில் வேலி போடவேண்டியவர்கள் உபாத்தியாயர்களும் பெற்றோர்களுமே.

அதற்கு வழிகாட்டி நம்மிடமே இருக்கிறார். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கிடைத்த முதல் பிரதியை அவர் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்றார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாடபேதங்களை ஆராய்ந்தார். செல்போனில் வரும் செய்தியையும் ஓர் ஏட்டுப் பிரதியாகவே பாவிக்க வேண்டும். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? நம்பத்தக்க வேறு இடத்திலும் இது காணப்படுகிறதா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத செய்தி நம்மோடு நின்றுவிடட்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் விடைக்கும் இதே பரீட்சைதான். இல்லாததை உள்ளதுபோல் சரளமாகச் சொல்லும் சாமர்த்தியம் அதற்கு நிரம்ப உண்டு.

பிறர் மானத்தைக் காப்பதும் இப்பாடத்தில் சேர்ந்ததே. சக மாணவியின் படத்தை எடுத்து, உருமாற்றிக் கேலி செய்து பரப்புவதை விளையாட்டு என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவருடைய அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மூன்று வருஷம் வரை சிறைவாசம் விதிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சுவது இருக்கட்டும். எதிரில் நின்று சொல்லக் கூசும் வார்த்தையைத் திரைக்குப் பின் நின்றும் சொல்லலாகாது என்ற நாணம் அதைவிடப் பெரிய காவல். துன்பத்துக்கு ஆளான குழந்தை 1098 என்ற எண்ணில் உதவி கோரலாம். பணமோசடி நேர்ந்தால் உடனே 1930-க்குத் தெரிவிக்க வேண்டும். இவ்விரண்டு எண்களையும் வாய்ப்பாட்டைப் போல் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பது நல்லது.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராம், பேஸ்புக் முதலியவற்றில் 13 வயது நிறையாதவர்கள் சேரக் கூடாது என்பது விதி. அப்படியிருக்க, பத்து வயதுச் சிறுவனுக்காகப் பிறந்த வருஷத்தை மாற்றி எழுதிக் கணக்குத் தொடங்கித் தருகிறவர் யார்? சில வீடுகளில் தகப்பனாரே அதைச் செய்கிறார். அந்த க்ஷணத்தில் பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் பாடம், திரையில் பொய் சொன்னால் பாதகமில்லை என்பதுதான். பிறகு நாம் வகுப்பில் வருஷம் முழுவதும் வாய்மையைப் போதித்து என்ன பயன்?

இன்று இரவு சாப்பாட்டு வேளையில், பெரியவர்களுடைய செல்போன்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரே மேஜைமேல் வைத்துவிடுங்கள். "இன்று அதில் என்ன பார்த்தாய்? அது மெய் என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள். மறுநாள் காலையில் வகுப்பறையில் எங்களுடைய வேலை பாதி குறைந்திருக்கும்.