‘ஒண்ணும் பண்ணாதுங்க’ என்பது பதில் அல்ல

கோவையில் நாய் வளர்க்கும் வீட்டின் கேட்டைத் திறந்ததும் காதில் விழும் முதல் சொல், “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாதுங்க” என்பதுதான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் முப்பது கிலோ லேப்ரடார் வந்தவரின் மார்பில் முன்னங்கால்களை ஊன்றி நிற்கும். அப்புச்சி வீட்டுக்கு லீவுக்கு வந்த பேரனின் கையைக் கவ்வி இழுக்கும். பல் பட்ட இடம் சிவந்துபோனால், “விளையாட்டுக்குத்தான் கவ்வுச்சு” என்று அடுத்த சமாதானம் வரும்.

நாயின் மனதைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அந்தச் சமாதானம் செல்லுபடியாகாது. தாவுகிற நாயைப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் தீர்வாகாது. உண்மையில் பல வீடுகளில் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் கவ்வுகிறது, ஏன் தாவுகிறது?

குட்டிக்கு வாய்தான் கை. எதையும் கவ்வித்தான் தெரிந்துகொள்ளும். அதன் 28 பால் பற்கள் மூன்றாம் மாதத்துக்கு மேல் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். இந்தக் காலத்தில் ஈறு அரிப்பால் கடிக்கும் ஆவல் இன்னும் கூடும்.

எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றொன்று கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். கடித்தால் ஆட்டம் போய்விடும் என்ற பாடம் அங்கே பதிகிறது. ஒரு மாதக் குட்டியையே பிரித்து எடுத்து வந்தால் இந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோகும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு நியாயம். குட்டி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வயதைக் கேட்க வேண்டும்.

தாவுவதற்குக் காரணம் வேறு. நாய்கள் ஒன்றையொன்று முகத்தருகே போய் முகர்ந்து நலம் விசாரிப்பவை. நம் முகம் உயரத்தில் இருப்பதால் எம்பிப் பார்க்கின்றன. எம்பிய குட்டியை நாமும் தூக்கிக் கொஞ்சுகிறோம். அது மூன்று கிலோவாக இருந்தபோது கொஞ்சிய செயலுக்கு, முப்பது கிலோ ஆனபின் அடிக்கிறோம். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று எப்படித் தப்பானது என்று அதற்கு விளங்குவதில்லை.

கட்டிப்போட்டால் கூடும்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நாய் என்பது காவல். சாளை வாசலிலோ கேட்டுக்குப் பக்கத்திலோ காலையில் கட்டினால் இரவில்தான் அவிழ்ப்பார்கள். நகரத்து அடுக்குமாடியில் சங்கிலிக்குப் பதில் பால்கனி. சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும் வேலைக்குப் போகும் தம்பதியருக்காக ஹஸ்கியோ கோல்டன் ரெட்ரீவரோ பத்து மணி நேரம் காத்துக் கிடக்கிறது. நாள் முழுக்கத் தேங்கிய தெம்பு, கதவு திறந்ததும் ஐந்து நிமிடத்தில் வெடிக்கிறது. அதைத்தான் சேட்டை என்கிறோம்.

இதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதை வதை என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடை, ஓட்டம் தராத உரிமையாளரும் அதே பிரிவில் குற்றம் செய்தவர் ஆகிறார். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். தொகை சிறியது. ஆனால் நடைக்கு அழைத்துப் போவது நம் தயவு அல்ல, கடமை என்பதைச் சட்டம் அறுபது ஆண்டுக்கு முன்பே எழுதிவிட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் நடை. காலையில் வெயில் ஏறுமுன் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை. சித்திரை வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். உங்கள் புறங்கையைச் சில நொடி சாலையில் வைக்க முடியாவிட்டால் அங்கே நாயும் நடக்கக் கூடாது. வழியில் முகர்ந்து பார்க்க விடுங்கள். மோப்பம் பிடிப்பதும் அதற்கு ஒரு வேலைதான்.

அடுத்து, கையை விளையாட்டுப் பொருள் ஆக்காதீர்கள். விரலை ஆட்டிக் காட்டிக் கவ்வ வைத்துச் சிரிப்பது, வாயைப் பிடித்து அமுக்கி வம்பிழுப்பது, மல்லுக்கட்டுவது எல்லாமே ‘மனிதக் கை கடிக்கத் தக்கது’ என்று பாடம் நடத்துவதுதான். கைக்குப் பதில் கயிற்றுப் பொம்மையைக் கொடுங்கள். இழுக்கும் விளையாட்டு தப்பில்லை. “விடு” என்றதும் விட வேண்டும், விட்டால் மறுபடி ஆட்டம் உண்டு என்று பழக்குங்கள்.

பல் தோலில் பட்டால் அலறாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்த கையைத் துரத்துவது நாயின் இயல்பு. அசையாமல் நின்று, பார்வையைத் திருப்பி, அரை நிமிடம் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். திரும்பி வந்து பொம்மையோடு ஆட்டத்தைத் தொடருங்கள். உடன்பிறந்த குட்டிகள் சொல்லித் தந்த பாடத்தையே நாமும் நடத்துகிறோம்.

தாவினால் தள்ளுவதும் திட்டுவதும் உதவாது. தொடுவது, பார்ப்பது, பேசுவது மூன்றும் நாய்க்குப் பரிசுதான். உடலைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே குனிந்து தடவுங்கள், அல்லது ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். ‘உட்கார்’ பழகிய நாயை, யார் வந்தாலும் உட்கார்ந்த பிறகே தொட வேண்டும் என்று வீட்டில் விதி வையுங்கள். விருந்தாளி வரும் நேரத்தில் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டிப் பிடித்துக்கொள்வது நல்லது.

கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கிய முதல் சில நாட்களில் தாவல் கூடவே செய்யும். இதுவரை பலித்த வித்தை ஏன் இன்று பலிக்கவில்லை என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பலரும் இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். வீட்டில் நான்கு பேர் ஒழுங்காக இருந்து, அப்பா மட்டும் தாவும்போது கொஞ்சினாலும் எல்லாம் வீண். எப்போதாவது கிடைக்கும் பரிசுக்காக நாய் எப்போதும் தாவும்.

அடி வேண்டாம். மூக்கில் தட்டுவதும், மல்லாத்தி அமுக்குவதும், செய்தித்தாளைச் சுருட்டி ஓங்குவதும் பயத்தைத்தான் வளர்க்கும். விளையாட்டுக்குக் கவ்விய நாயைப் பயத்தில் கடிக்கும் நாயாக்குவது இப்படித்தான். நல்லதைப் பாராட்டிப் பழக்கும் முறையையே இன்றைய விலங்கு நடத்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். தூக்கமும் முக்கியம். சிறு குட்டி ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்க வேண்டும். மாலையில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடிக்கும் குட்டிக்குப் பலமுறை தேவைப்படுவது இன்னொரு ஆட்டம் அல்ல, ஓர் அமைதியான மூலை.

குழந்தைகள் இருந்தால்

ஓடினால் நாய் துரத்தும், கத்தினால் இன்னும் குதிக்கும். எனவே குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம்: நாய் தாவி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, மரமாக நில். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றின் அருகே போகக் கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சின்னக் குழந்தையோடு தனியே விடக் கூடாது.

விளையாட்டு எங்கே முடிகிறது என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். முன்பகுதியைத் தாழ்த்திப் பின்பகுதியைத் தூக்கி, உடலை நெளித்து, வாயைத் தளர்வாகத் திறந்து வைத்திருந்தால் அது ஆட்டம். உடல் விறைத்து, வாய் மூடி, கண்ணின் வெள்ளை தெரிய, அடித்தொண்டையில் உறுமினால் அது எச்சரிக்கை. அந்த உறுமலுக்காக அடிக்காதீர்கள். எச்சரிப்பதை மறந்த நாய் நேரே கடிக்கும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறினால் வலியோ நோயோ இருக்கலாம். கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் உண்டு. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பல் பட்டுவிட்டால்

ரேபிஸ் அறிகுறி தென்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறிக்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். எங்கள் நீலகிரி மலைக்கு மேலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். தென்னாட்டில் அன்று சிகிச்சைக்கு இடமே இல்லை. கடிபட்டவர்கள் இமாசலத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் வைசிராயிடம் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் பிறந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்துவது பழைய ஆட்டு மூளைத் தடுப்பூசியை. அது வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று ஊசி தோளில்தான்.

காயத்தின் தன்மையை உலக சுகாதார நிறுவனம் மூன்றாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நக்கினால் முதல் வகை, கழுவினால் போதும். மூடாத தோலைக் கவ்வியது, ரத்தம் வராத கீறல் ஆகியவை இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். விளையாட்டுக் கடிகளில் பெரும்பாலானவை இங்கேதான் வருகின்றன. தோலைத் துளைத்த கடி, புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, காயத்தில் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும்.

செய்ய வேண்டியது: உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்க வேண்டாம். அவசரப்பட்டுத் தையல் போடவும் வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள், அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28ஆம் நாட்களில் நான்கு தவணை. ஒன்றைக்கூட விடக் கூடாது. நாயைப் பத்து நாள் கண்காணிப்பது ஊசிக்குப் பதிலல்ல. ஊசியைத் தொடங்கிவிட்டுக் கண்காணியுங்கள், மீதித் தவணை பற்றி மருத்துவர் சொல்வார். நம் வீட்டு நாய்தான், ஊசி போட்டதுதான் என்று நாமே தீர்ப்பெழுதாமல், அதன் தடுப்பூசி அட்டையை அவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் 104இல் கேட்கலாம்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் தவறாமல். இதுவே முதல் பாதுகாப்பு.

சட்டம் யாருக்கு என்ன சொல்கிறது?

தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரலாம் என்றால், அதைத் தடுக்கப் போதிய நடவடிக்கையைத் தெரிந்தோ அசட்டையாலோ எடுக்காதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறிய வழக்கில் உரிமையாளர் கைதானதை ஊரே பார்த்தது. நாயின் நோக்கம் என்ன என்று சட்டம் கேட்பதில்லை, கயிறு யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கிறது. தாவியதால் ஒரு முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் கேள்வி அதுதான்.

பாதிக்கப்பட்டவர் காயத்தைப் படம் எடுத்து, மருத்துவச் சீட்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் உரிமையியல் நீதிமன்றத்தில் கோரலாம். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

வளர்ப்பவருக்கும் உரிமை இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையால் தீர்மானம் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கோபத்தில் நாய்க்கு விஷம் வைப்பதும் கால் முறிய அடிப்பதும் அதே நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். இந்த உரிமையோடு, பொது இடத்தில் கயிற்றில் பிடிப்பது, கழிவை அள்ளுவது, உள்ளாட்சி உரிமமும் தடுப்பூசியும் வைத்திருப்பது ஆகிய கடமைகளும் சேர்ந்தே வருகின்றன.

வீட்டில் நாய் இருப்பவர்கள் இன்றே இரண்டு வேலை செய்யுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த ஊசியின் தேதியைப் பாருங்கள். விருந்தாளி வந்தால் நாய் எங்கே, யார் பிடியில் இருக்கும் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். அடுத்த முறை ஒருவர் உங்கள் கேட்டில் தயங்கி நின்றால் “ஒண்ணும் பண்ணாதுங்க” என்று சொல்லாதீர்கள். “ஒரு நிமிஷம் இருங்க, பிடிச்சுக்கறேன்” என்று சொல்லுங்கள்.