உப்புக் காற்றில் ஒரு பட்டறை: பழைய வண்டிக் கொட்டகையைச் சீராக்குவது எப்படி?

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும், மாப்பிள்ளையூரணி தொடங்கி ஒட்டப்பிடாரம் வரையிலான மானாவாரிக் கரிசலில் விதைப்பு தொடங்கிவிடும். உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் எதுவானாலும் ஈரம் சில நாள்தான் நிற்கும். அந்த நேரத்தில் கல்டிவேட்டரில் துருப்பிடித்த ஒரு போல்ட் அறுந்தால் என்ன செய்வீர்கள்? தூத்துக்குடி பட்டறைகளில் அன்று கூட்டம் அலைமோதும். இரண்டு நாள் காத்திருந்தால் ஈரம் போய்விடும். ஈரத்தோடு விதைப்பும் போய்விடும்.

வீட்டோரம் பயனின்றிக் கிடக்கும் வண்டிக் கொட்டகையைச் சிறு பட்டறையாக்கினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். பலர் முதலில் வெல்டிங் மெஷின் வாங்குகிறார்கள். கடலோரத்தில் அது தலைகீழ் வேலை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், இரும்பில் படிந்த உப்புத்தூள் தானே ஈரத்தை இழுத்துக் கசியும். இங்கே இரவில் அது சாதாரணம். எனவே கூரை, தரை, மின்சாரம் இவற்றைச் சரிசெய்த பிறகே கருவிகள் வாங்க வேண்டும்.

கூரை

பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் உடைந்திருந்தால் நீங்களே அடித்து நொறுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து, முழு ஷீட்டாகக் கழற்றுங்கள். புதிதாகப் போடும்போது அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள ஷீட் நல்லது. ரப்பர் வாஷர் உள்ள, பூச்சுப் பூசிய ஸ்குரூவை அலையின் மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். கடல் கிழக்கே இருப்பதால் பெரிய கதவை மேற்கிலோ தெற்கிலோ வையுங்கள். கிழக்குச் சுவரில் உயரமான சிறு ஜன்னல் போதும்.

தரையும் சுவரும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. உங்கள் சுவரில் அன்றைய தண்ணீர்க் கோடு தெரிந்தால் அதுவே அளவுகோல்: தரையை எவ்வளவு உயர்த்த முடியுமோ உயர்த்துங்கள், மோட்டார், பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

மண்ணை இறுக்கி, கனமான பாலித்தீன் விரித்து, 4 அங்குலம் கான்கிரீட் போடுங்கள். 1:2:4 கலவை போதும். கதவுப் பக்கம் லேசான சரிவு இருக்கட்டும். கடல் மணல் வேண்டாம். கலக்கவும் நனைக்கவும் உவர்நீர் வேண்டாம். உப்பு கலந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளக்கும். குறைந்தது 7 நாள் நனைத்து வையுங்கள். உப்புப் பூத்து உதிரும் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டுப் பிறகு பூசுங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியேற விடும்.

மின்சாரம்

பம்புசெட்டுக்கான இலவச விவசாய இணைப்பில் வெல்டிங் மெஷினை மாட்டாதீர்கள். அது விதிமீறல். மின்வாரிய அலுவலகத்தில் எந்த இணைப்பு வேண்டும் எனக் கேட்டு, பதிவு பெற்ற எலக்ட்ரீசியனை வைத்து வயரிங் செய்யுங்கள். பிளக் பாயின்ட் தரையிலிருந்து 4 அடியாவது மேலே இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம். எர்த் பைப்பும் உப்பு மண்ணில் அரிக்கும்; ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் சோதியுங்கள். தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை உலர்த்திப் பரிசோதிக்காமல் ஓட்டவே கூடாது.

கருவிகள்

இதன் பிறகே கருவிகளுக்குப் பணம் எடுங்கள். ரிங் ஸ்பானர், சாக்கெட் செட், கிரீஸ் கன், நல்ல வைஸ், பஞ்சர் சாமான். இந்த ஐந்தும் இருந்தால் விதைப்பு நேரச் சிக்கலில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். வைஸை உங்கள் முழங்கை உயரத்தில் பொருத்துங்கள். கொழு, போல்ட், நட்டு, பெல்ட், ஸ்பிரேயர் வாஷர் ஆகியவற்றில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும்.

கலப்பை கொட்டகைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து, பிறகு கிரீஸோ எண்ணெயோ தடவுங்கள். உப்பின் மேலேயே எண்ணெய் தடவினால் அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு பழக்கத்துக்குச் செலவு எதுவும் இல்லை; ஆனால் கருவியின் ஆயுளைக் கூட்டுவது இதுதான்.

டீசல், பெட்ரோல், வைக்கோல், தட்டை எதுவும் வெல்டிங் இடத்துக்கு அருகே கூடாது. பூச்சிக்கொல்லிக்குத் தனி இடம், தனிப் பூட்டு.

தனியாகச் செய்ய வசதியில்லையா? நான்கு பேர் சேர்ந்து ஒரு கொட்டகையைச் சீராக்குங்கள். யார் எந்தக் கருவியை எடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; சண்டை வராது. வேளாண் இயந்திரங்கள் வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளரிடம் மானியம் பற்றிக் கேளுங்கள். களப்பணியாளர்களும் ஆடி மாதக் கூட்டங்களிலேயே இதைச் சொன்னால், மழைக்கு முன் கூரையாவது சரியாகும்.

மழை வந்த பிறகு ஸ்பானர் தேடாதீர்கள். கோடையிலேயே கொட்டகையைத் திறந்து, முதலில் கூரையைப் பாருங்கள்.