உழுதவன் கணக்குப் பார்க்க வேண்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது கமக்காரர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கமத்தொழிலின் பாடுகளை அறிந்த ஒருவர் சலிப்போடு சொன்ன சொல்லாக அது இருந்திருக்க வேண்டும். நாளடைவிலோ, கணக்குப் பாராதிருப்பதற்கு அதுவே ஒரு சாட்டாகிவிட்டது. உண்மை வேறு. கணக்குப் பார்ப்பதால் உழக்கு மிஞ்சாமற் போவதில்லை. கணக்குப் பாராத வீட்டிலேதான் உழக்கு எங்கே போயிற்றென்று தெரியாமற் போகிறது.

தை, மாசி மாதங்களில் பெரும்போக அறுவடை நடைபெறும் வயல்களிற் காணும் காட்சி ஒன்றுண்டு. அறுவடை இயந்திரம் வயலை விட்டு வெளியேறுமுன்னரே பசளை கொடுத்தவரும், உழவு இயந்திரத்துக்குரியவரும், வட்டிக்குப் பணம் தந்தவரும் வரம்பிலே வந்து நிற்பர். ஈரம் உலராத நெல் அங்கேயே மூடைகளிற் கட்டப்பட்டு வண்டியேறும். நான்கு மாதம் வெயிலிலும் பனியிலும் நின்ற கமக்காரர் வெறுஞ் சாக்குகளோடு வீடு திரும்புவார். அடுத்த போகத்துக்கு அவர் மீண்டும் அதே கதவுகளைத் தட்டவேண்டியவராகிறார்.

கடன் ஏன் வளர்கிறது?

மாதச் சம்பளம் பெறுபவரின் வரவும் செலவும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுகின்றன. கமக்காரரின் நிலை அவ்வாறன்று. அவருடைய பெருவரவு ஆண்டில் ஒருமுறை வருகிறது. குளத்தில் நீர் போதியதாக இருந்து சிறுபோகமும் செய்யக் கிடைத்தால் இருமுறை வருகிறது. செலவோ நாள்தோறும் உண்டு. அறுவடைக் காலத்திற் கையிற் பணம் புழங்கும்போது செலவு பெருகுகிறது. புரட்டாதி, ஐப்பசியில் உழவும் விதைப்பும் வரும்போது கை வெறுமையாக இருக்கிறது. இந்த இடைவெளியிலேதான் கடன் புகுகிறது.

இதனோடு, கமக்காரரின் பிழையில்லாத துன்பங்களும் சேர்வதுண்டு. வெள்ளமும் வறட்சியும் வந்து போகின்றன. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் 2021/22 பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதுங் குன்றியது. 2022இல் விலைவாசி ஏறியது. அக்காலத்திற் பட்ட கடன் பல குடும்பங்களைப் பின்னரும் தொடர்ந்தது. கடன்பட்டவர் எல்லோரும் ஊதாரிகள் அல்லர். ஆதலால் கடனை வெட்கத்தோடு மறைப்பதிலும் பார்க்க, அதனை எழுதிக் கணக்கிடுவதே அறிவுடைமை.

முதல் வேலை: ஒரே தாளில் எழுதுதல்

பல வீடுகளிற் கணவர் பட்ட கடனை மனைவி அறியார். மனைவி சீட்டுக்கும் சங்கத்துக்கும் கட்டவேண்டிய தொகையைக் கணவர் அறியார். இருவரும் ஓரிரவு ஒன்றாக அமர்ந்து, பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளையெடுத்து, எல்லாக் கடன்களையும் எழுதுதல் வேண்டும். யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு வட்டி, எப்போது தவணை என்னும் நான்கும் எழுதப்பட்டால் போதும்.

வட்டியை எழுதும்போது கவனம் தேவை. சில கடன்களில் வட்டி என்ற சொல்லே இருக்காது. எடுத்துக்காட்டாக, ஒருவர் 40,000 ரூபாவுக்குப் பசளையும் கிருமிநாசினியும் கடனாகப் பெற்று, நான்கு மாதத்தின் பின் கிலோகிராம் 80 ரூபா வீதம் நெல்லாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறார் எனக் கொள்க. அவர் 500 கிலோகிராம் நெல் கொடுக்க வேண்டும். அறுவடையின் போது சந்தை விலை 100 ரூபாவாயின் அந்த நெல்லின் பெறுமதி 50,000 ரூபா. வட்டியில்லாக் கடனென்று எண்ணியவர் நான்கு மாதத்துக்கு 10,000 ரூபா கொடுத்துவிட்டார். நூற்றுக்கு மாதம் 6 ரூபாவுக்கும் மேற்பட்ட வட்டி இது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் இடம்பெற்ற ஒற்றியும் இத்தகையதே. ஒற்றிக்குக் கொடுத்த காணியின் விளைவைப் பணம் தந்தவர் வட்டிக்குப் பதிலாக அனுபவிக்கிறார். காணி ஆண்டுதோறும் எவ்வளவு தரக்கூடியதோ அதுவே உண்மையான வட்டி. அதனையும் தாளில் எழுதுக.

எந்தக் கடனை முதலில் தீர்ப்பது?

இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயலும் வீட்டோடு ஒரு சிறு மரக்கறித் தோட்டமும் உடைய ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. அக்குடும்பத்தின் கடன்கள் வருமாறு:

தனியார் ஒருவரிடம் 40,000 ரூபா, நூற்றுக்கு மாதம் 5 ரூபா: மாத வட்டி 2,000 ரூபா.
நகை அடகு 100,000 ரூபா, நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபா: மாத வட்டி 1,500 ரூபா.
கூட்டுறவுச் சங்கத்தில் 60,000 ரூபா, நூற்றுக்கு மாதம் 1 ரூபா: மாத வட்டி 600 ரூபா.
உறவினரிடம் கைமாற்றாக 30,000 ரூபா, வட்டியில்லை.

மொத்தக் கடன் 230,000 ரூபா. மாத வட்டி 4,100 ரூபா. இதில் 40,000 ரூபாக் கடன் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்களவே. ஆயினும் வட்டியில் ஏறக்குறைய அரைவாசியை அதுவே விழுங்குகிறது. வட்டியை மட்டும் கட்டி முதலைத் தொடாதிருந்தால், நான்கு ஆண்டில் 196,800 ரூபா கட்டிய பின்பும் 230,000 ரூபாக் கடன் குறையாமல் நிற்கும்.

அறுவடையின் பின் இக்குடும்பத்திடம் கடனுக்கென 60,000 ரூபா இருக்கிறது. நகைதான் கண்ணுக்குத் தெரிவது. கோவில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் வெறுங் கழுத்தோடு நிற்பது மனத்தை வருத்துவது. ஆகையால் நகையின் கடனையே முதலிற் குறைக்கப் பலர் விரும்புவர். அவ்வாறு 60,000 ரூபாவையும் அடகுக்குக் கட்டினால் மாத வட்டி 3,200 ரூபாவாகும். அதே பணத்தில் 40,000 ரூபாவால் தனியார் கடனை முற்றாகத் தீர்த்து, மிகுதி 20,000 ரூபாவை அடகுக்குக் கட்டினால் மாத வட்டி 1,800 ரூபாவாகிவிடும். மாதம் 1,400 ரூபா மிச்சம். பணம் ஒன்றே, கட்டிய இடம் மட்டுமே வேறு.

ஆகவே விதி இதுவாகும்: எல்லாக் கடன்களுக்கும் உரிய வட்டியைத் தவணை தவறாது கட்டுக, முதலைக் குறைக்கும் பணத்தையோ வட்டி கூடிய கடனுக்கே முதலிற் செலுத்துக. அடகுச் சீட்டின் தவணை முடிவதற்கு முன்னர் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிடின் நகை ஏலத்துக்குப் போய்விடும். அத்திகதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிற் குறித்து வைத்தல் நன்று.

நெல்லைப் பங்கிடும் முறை

கடனுக்கென்று 60,000 ரூபா எங்கிருந்து வரும் என்ற வினா நியாயமானதே. அதற்குக் களத்திலேயே பங்கீடு நடைபெற வேண்டும். மேற்கூறிய வயலில் 3,600 கிலோகிராம் நெல் விளைந்தது எனக் கொள்க.

முதலாவது பங்கு உணவும் விதையும். நூறு கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோகிராம் அரிசி கிடைக்கும். ஐவருக்கு ஓராண்டுக்கு ஏறக்குறைய 800 கிலோகிராம் நெல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் விதைநெல்லும் சேர்ந்து 900 கிலோகிராம் வரையில் வீட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நெல்லை முழுவதும் விற்றுவிட்டு, புரட்டாதியில் அரிசியைக் கடைவிலைக்கு வாங்குவது விளைவித்தவருக்கு அழகன்று.

மிகுதி 2,700 கிலோகிராம் நெல்லைக் கிலோகிராம் 100 ரூபா வீதம் விற்றால் 270,000 ரூபா கிடைக்கும். ஈரநெல்லுக்கு விலை கழிக்கப்படும். 14 சதவீத ஈரப்பதனுக்கு உலர்த்திய நெல்லுக்கே நல்ல விலை உண்டு. இப்பணத்தைப் பின்வருமாறு பங்கிடலாம்:

அடுத்த பெரும்போகச் செய்கைச் செலவு: 150,000 ரூபா.
கடனின் முதல்: 60,000 ரூபா.
ஓராண்டு வட்டி, மாதம் 1,800 ரூபா வீதம்: 21,600 ரூபா.
கல்வி, மருந்து, உடுபுடவை, மாதம் 3,200 ரூபா வீதம்: 38,400 ரூபா.

செய்கைச் செலவுக்குரிய பணம் வீட்டில் இருத்தலாகாது. அது வீட்டாருடைய பணமுமன்று, கடன்காரருடைய பணமுமன்று. அடுத்த பயிருக்குரிய பணம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வேறு கணக்கில் அதனை இடுக. ஐப்பசியில் அப்பணம் கையில் இருக்குமாயின் பசளைக்காக நெல்லை முன்கூட்டி ஈடுவைக்கும் தேவை எழாது.

இவ்வாறு ஆண்டுதோறும் 60,000 ரூபா முதலாகக் கட்டப்படுமாயின், நான்காவது அறுவடையில் 230,000 ரூபாவும் தீர்ந்துவிடும். இரண்டாம் ஆண்டில் அடகு 20,000 ரூபாவாகக் குறைய, மாத வட்டியும் 900 ரூபாவாகும். வட்டியில் மிஞ்சும் பணத்தை உறவினருக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து வரலாம். வட்டி கேளாதவரைக் கடைசி வரை காக்க வைத்தல் உறவுக்கு நல்லதன்று.

தோட்டமும் அடுப்பும்

நெல்லுப் பணத்தில் அன்றாட அடுப்புச் செலவு சேர்க்கப்படவில்லை என்பதை வாசிப்போர் கவனித்திருப்பர். அது தோட்டத்துக்குரிய பொறுப்பு. நெல் ஆண்டுக் கடனைத் தீர்க்கட்டும். தோட்டம் வாரச் செலவைத் தாங்கட்டும். கீரை ஏறக்குறைய ஒரு மாதத்திற் பலன்தரும். வெண்டியும் பயற்றையும் ஏழு வார அளவிற் காய்க்கத் தொடங்கும். கத்தரியும் மிளகாயும் பிந்தினாலும் நெடுநாள் காய்க்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாது, இரண்டு மூன்று வார இடைவெளியிற் பாத்தி பாத்தியாக நட்டால் ஒவ்வொரு வாரமும் சந்தைக்குக் கொண்டுசெல்ல ஏதேனும் இருக்கும்.

தேங்காய், பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தோட்டத்துப் பணத்துக்குள் அடக்குதல் வேண்டும். கடைக் கொப்பியில் எழுதி வாங்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். கொப்பியில் வாங்குபவர் விலை கேட்பதில்லை; பணங் கொடுத்து வாங்குபவரே கேட்கிறார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். சிக்கனம் என்பது பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் குறைப்பதன்று. சடங்குக்கும் பந்தலுக்கும் ஊரார் மதிப்புக்காகச் செய்யும் செலவையே முதலிற் குறைத்தல் தகும்.

வயலிலும் வீண்செலவு உண்டு. வைக்கோலை எரியாது வயலிற் பரப்பி உழுதால் அதிலுள்ள பொட்டாசியம் மண்ணுக்கே திரும்பும். பூச்சியைக் காணுமுன் நாட்கணக்கு வைத்துக் கிருமிநாசினி தெளிப்பது காசைத் தண்ணீரில் விடுவதாகும்.

கடன் பெறுவதாயின்

கடன் எப்போதும் தீதன்று. பயிரின் காலத்தோடு பொருந்தாத கடனே தீது. நான்கு மாதத்திற் பலன்தரும் நெல்லுக்கு வாரந்தோறும் தவணை கட்டும் நுண்கடனைப் பெற்றால், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் தேவைப்படும். வடக்கிலும் கிழக்கிலும் பல பெண்கள் இவ்வாறே இடர்ப்பட்டனர். 2018ஆம் ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தீர்க்க அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று.

இந்நாட்டிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911ஆம் ஆண்டிலேயே பிறந்தது. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் பல கிராமங்களில் உள்ளன. பயிர்ச்செய்கைக் கடனுக்கென 1986ஆம் ஆண்டிலே புதிய விரிவான கிராமியக் கடன் திட்டமும் வகுக்கப்பட்டது. விதைப்புக்கு ஒரு மாதம் முன்னரே வங்கிக் கிளையிலும் கமநல சேவை நிலையத்திலும் விசாரித்தல் நன்று. விதைப்பு நாளன்று அவசரத்தில் தேடுபவருக்கு வட்டி கூடிய கடனே கிடைக்கும். நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டிக் கடனைத் தீர்க்க 1 ரூபா வட்டிக் கடன் பெறுவது இலாபமே. ஆனால் பழைய கதவை மீண்டும் தட்டுவதில்லையென்ற உறுதி இருத்தல் வேண்டும்.

காணியை ஈடுவைத்தவர்களுக்கு 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபை உண்டு. மீட்கும் காலம் முடியுமுன்னரே அங்கு முறையிட வேண்டும். காலங் கடந்தபின் கண்ணீர் வடிப்பதாற் காணி மீளாது.

ஒரு போகம் பொய்த்துவிட்டால், ஒளிந்து திரிதல் கூடாது. தவணைக்கு முன்னரே கடன் தந்தவரிடம் நேரிற் சென்று நிலைமையைக் கூறி, வட்டியையேனும் கட்டிப் புதுத் தவணை பெறுக. முன்னரே வந்து சொல்பவரின் சொல்லுக்கு மதிப்புண்டு.

கமக்காரர்களே, அடுத்த அறுவடைக்கு முன்னர் ஓரிரவு, விளக்கடியில் இருவருமாக அமருங்கள். கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். வட்டி கூடியது எதுவென்று கண்டு அதன் கீழ் ஒரு கோடிடுங்கள். அடுத்த மாசியில் நெல் வண்டியேறும்போது, எத்தனை மூடை வீட்டுக்கு, எத்தனை மூடை சந்தைக்கு என்று சொல்பவர் வரம்பில் நிற்பவராக இருத்தலாகாது; வயலை உழுதவராகவே இருத்தல் வேண்டும்.