விசிறி ஏன் இரைகிறது?

ஆற்றல் மாறா விதியை நடத்தும்போது, ஆய்வகக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியையே நான் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறேன்.

அது 250 வாட் வாங்கிக் கணினிக்கு 200 வாட் கொடுத்தால், பயனுறுதிறன் 80 விழுக்காடு. மீதி 50 வாட்? வெப்பமாகிறது. அதை வெளியேற்றவே விசிறி சுழல்கிறது. பயனுறுதிறன் கூடினால் வெப்பம் குறையும், விசிறி மெதுவாகச் சுழலும், இரைச்சலும் குறையும்.

சுமைக்கேற்பப் பயனுறுதிறன் மாறும். எனவே 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ தரச்சான்று 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் சோதிக்கிறது. இரைச்சலைத் தனியே அளக்க வேண்டும்.

வகுப்பறையில் வாட் மீட்டர் உள்ளீட்டை மட்டுமே காட்டும். பயனுறுதிறனைக் கணக்கிட அது போதாது. ஆனாலும் ஒரு செயல்பாடு செய்யலாம். முதலில் கணினியை அணைத்து, அறையின் ஒலியளவைக் கைபேசிச் செயலியால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு கணினி சும்மா இருக்கும்போதும், கடுமையாக இயங்கும்போதும் வாட்டையும் டெசிபலையும் அதே தூரத்திலிருந்து குறிக்கட்டும். வாட் ஏறினால் ஒலியும் ஏறுகிறதா என்று அட்டவணையைப் பார்த்து மாணவர்களே சொல்லட்டும்.

ஒன்று மட்டும் கட்டாயம்: மின்வழங்கியை எவரும் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.